லேடீஸ் கவுண்டரிலிருந்து ஒரு மறுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மகன் ஜோயல் வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்க மாட்டான். அவனுக்கு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் செம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் போக வர அந்தப் பேச்சுதான் துணை. பாட்காஸ்ட் என்கிறார்கள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் பழைய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய படம் என்றால் கறுப்பு வெள்ளை என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். ஐயோ, அவர்களுக்கு இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்ததே பழைய படமாம்! எனக்கு அதெல்லாம் நேற்று வந்த மாதிரி இருக்கிறது.

நல்ல பிள்ளைகள்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். நானும் பின் சீட்டில் சிரித்துக்கொண்டுதான் வந்தேன், அந்தப் படத்தின் பேச்சு வரும்வரை.

"அது செம படம் மச்சான், ஆனா டைம் தப்பு" என்றான் ஒருவன். "புறநகர் லேடீஸ் ஆடியன்ஸுக்கு அந்தக் கிளைமாக்ஸ் செட் ஆகல. புருஷனை ஏத்துக்காத பொண்ணை அவங்களால ஏத்துக்க முடியல. தாம்பரத்துல எல்லாம் கூட்டம் கூட்டமா எழுந்து போயிட்டாங்களாம்."

"பாவம்டா, அந்தக் காலத்து மைண்ட்செட்" என்றான் மற்றவன்.

எனக்கு வந்ததே கோபம்! "வண்டிய ஓரமா நிறுத்துடா" என்றேன். ஜோயல் பதறிப்போய், வாந்தி வருகிறதா என்று கேட்டான்.

"வாந்தி இல்ல. வயித்தெரிச்சல். தாம்பரத்துல எந்தத் தியேட்டரு? எங்க தியேட்டரு! எழுந்து போனாங்கன்னா யாரு கதவத் திறந்துவிட்டது? நான்!"

"அம்மா, நீ டிக்கெட் கிழிச்சவ. என்னமோ படத்தையே நீ எடுத்த மாதிரி பேசறே."

"கிழிக்கலடா, குடுத்தேன். கிழிக்கிறது வாசல்ல நிக்கிறவன் வேலை. அந்த வித்தியாசம்கூடத் தெரியாமத்தான் இந்த வீட்டுல வளர்ந்தியா?"

மருமகள் பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க எழுதுங்க அத்தை, நான் டைப் பண்ணி அவங்களுக்கு அனுப்பறேன்" என்றாள். எழுதுகிறேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். பேசியவர்களை விட்டுவிடலாம். கேட்கிறவர்களுக்காவது விஷயம் தெரியட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் லேடீஸ் கவுண்டரில் டிக்கெட் கொடுத்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். தியேட்டர் பெயரை எழுத மாட்டேன். அது இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முன் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காஜா அடித்துக்கொண்டிருந்தேன். முதுகுவலி வந்தது, வேலையை விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள், அந்த இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தேன். அவள் திரும்பி வரவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. என் மாமியாருக்குச் சினிமா என்றாலே சாத்தான். சர்ச்சில் யாராவது கேட்டால் மருமகள் 'கம்பெனியில்' வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடுவார். என்ன கம்பெனி என்று யாரும் கேட்காமலிருக்க ஜெபம் பண்ணிக்கொள்வார் போல.

லேடீஸ் கவுண்டர் என்பது ஆளுயர இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் முடிவில் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான். டிக்கெட்டின் பின்புறம் தேதி முத்திரையும் காட்சி முத்திரையும் விழ வேண்டும். மை காய்ந்துவிட்டால் உமிழ்நீர் தடவக் கூடாது, அதற்கென்று ஈரப் பஞ்சு இருக்கும். ஒரு கையில் சில்லறை, ஒரு கையில் டிக்கெட், கண் மட்டும் ஓட்டைக்கு வெளியே. குழந்தைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தோம். ஓட்டைக்குக் கீழே ஒரு மரப்பலகை. குழந்தையின் தலை பலகைக்கு மேலே தெரிந்தால் டிக்கெட், தெரியாவிட்டால் மடியில் உட்காரலாம். அம்மாக்கள் கவுண்டரை நெருங்கும்போது பிள்ளையின் உச்சந்தலையில் கை வைத்து அமுக்குகிற அழகைப் பார்க்க வேண்டுமே! அமுக்கின வேகத்தில் சில பிள்ளைகள் "நான் மூணாங் கிளாஸ்" என்று கத்திவிடும்.

டிக்கெட் கொடுத்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இடைவேளைக்குப் பிறகு பெண்கள் பக்கத்துப் பக்கவாட்டுக் கதவில் நிற்பதும் என் பொறுப்புதான். நடுவில் வெளியே போக வேண்டியவர்களுக்குத் தாழ்ப்பாளைத் திறந்துவிட வேண்டும். படம் முடியும்போது இரண்டு கதவையும் அகலத் திறந்து, படியில் யாரும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இத்தனை வருஷத்தில் நான் எந்தப் படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்கும்.

எங்கள் மேனேஜர் காதர் சார். பல்லாவரத்துக்காரர். வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை, பையில் ஒரு கர்ச்சீப். வேலைக்காரர்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார், கழிவறை கழுவுகிறவர் உட்பட. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார், அதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம். எதைப் போய்ச் சொன்னாலும் ஒரே கேள்வி: "பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

பால்கனியில் பீடி குடிக்கிறார்கள் சார். "பார்த்தீங்களா, கேட்டீங்களா?" ஸ்பீக்கர் கரகரங்குது சார். "நீங்க கேட்டீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?" யாரோ சொன்னார்கள் என்றால், போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். மனுஷன் பள்ளிக்கூட வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவர் என்று முணுமுணுப்பேன்.

படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை, முதல் காட்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை நின்றுகொண்டே பார்ப்பார். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பார். பார்த்துவிட்டு நல்ல படம், கெட்ட படம் என்று வாயைத் திறக்க மாட்டார். "அது நம்ம வேலை இல்ல ஸ்டெல்லாம்மா" என்பார்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். தண்ணீர் இல்லாத வருஷம் அது. ஏரி வெடித்துக் கிடந்தது, கிணற்றில் கல் போட்டால் டொக்கென்று கேட்டது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம்வரை எந்தத் தெருவில் பார்த்தாலும் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். அந்தக் கோடையில் வந்த சின்னப் படம். போஸ்டரில் பெரிய முகம் எதுவும் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. டைரக்டர் புதுப் பையன்.

கதை இதுதான். ஒருத்தியின் புருஷன் துபாய்க்குப் போகிறான். போனவனிடமிருந்து சேதி இல்லை. மாமியார் வீட்டில் சோறு இல்லை, அம்மா வீட்டில் இடம் இல்லை. அவள் ஒரு ரயில்வே கேட் பக்கத்தில் மெஸ் வைக்கிறாள். பெஞ்சு போட்டு, இலை போட்டு, பந்தி பந்தியாகச் சாப்பாடு. பல வருஷம் கழித்துப் புருஷன் சூட்கேஸோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறான்.

சனி, ஞாயிறு கூட்டம் சுமார். திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் பெண்கள் வந்தார்கள். மதியம் இரண்டரை மணிக் காட்சி என்றாலே எங்கள் தியேட்டரில் அது பெண்கள் காட்சிதான். ஆனால் அன்றைக்கு, படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே ஒருத்தி எழுந்து வந்தாள். கதவைத் திறந்துவிட்டேன். பின்னால் நாலு பேர். அப்புறம் பத்துப் பேர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். படம் முடிந்து மணி அடித்தபோது பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் காலி. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து, கூட்டமும் குறைவு.

புதன் காலை காதர் சார் கூப்பிட்டார். மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஹீரோவின் படத்தைப் போட முதலாளி முடிவு பண்ணிவிட்டார் என்றார். "இந்தப் படத்துக்கு நம்மகிட்ட இன்னிக்கும் நாளைக்கும்தான். சிட்டியில ஏற்கெனவே எல்லா இடத்துலயும் தூக்கிட்டாங்க. அந்த டைரக்டர் தம்பி ரெண்டு நாளா நம்ம வாசல்லதான் நிக்கிறாரு, எதிர் டீக்கடையில. இங்கயும் தூக்கினா அதோட முடிஞ்சது. அந்தத் தம்பிக்கு அடுத்த படம் யாரும் குடுக்க மாட்டாங்க." அப்புறம், "லேடீஸ் ஏன் எழுந்து போறாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. தெருவெல்லாம் அதே பேச்சுதானே. "கடைசில அந்தாளோடவே சேர்ந்துடறாளாம் சார். அதான் யாருக்கும் புடிக்கல. அழுவாச்சிப் படம்கிறாங்க."

காதர் சார் டீயை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "சேர்ந்துடறாளா? யார் சொன்னது?"

"எல்லாரும் சார்."

"பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"யார்கிட்ட கேட்டீங்க? கடைசிவரைக்கும் இருந்தவங்ககிட்டயா, நடுவுல போனவங்ககிட்டயா?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அவ சேர்றதே இல்ல ஸ்டெல்லாம்மா" என்றார். அப்புறம் என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லவில்லை. "நீங்க இன்னிக்குக் கதவைத் திறக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்க. படம் எப்படின்னு கேக்காதீங்க. எங்க போறீங்கன்னு கேளுங்க."

அன்று மதியம் முதலில் எழுந்து வந்தவள் செல்வி. தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற சந்தில் குடியிருந்தாள். காலையில் மீன் விற்பாள், மதியம் புதுப் படம் எதுவானாலும் முதல் ஆளாக என் ஓட்டைக்குள் கையை நீட்டுவாள். இந்தப் படத்துக்கு அது அவளுக்கு இரண்டாவது தடவை. அவளுக்குப் புருஷன் உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆறு மாதம் காணாமல் போவான், அழுக்குச் சட்டையோடு வந்து நிற்பான், மறுபடி போவான்.

தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, "எங்கடி ஓடறே?" என்றேன்.

"இன்னாக்கா, தெரியாத மாதிரி கேக்குறே? தண்ணி லாரி வர்ற நேரம். அஞ்சு மணிக்கு வுட்டா நாளைக்குத்தான். கதவத் தொறக்கா, பேஜார் பண்ணாத."

"அப்ப கடைசில என்ன ஆச்சுன்னு நீ பார்க்கவே இல்லியா?"

"அதுல பாக்க இன்னா கீது? அதான் சூட்கேஸ எட்துகினு பஸ்ல எறங்கிட்டான் இல்ல? அப்புறம் கால்ல வியுவான். இவ அயுவா. சேத்துக்குவா. எத்தினி படம் பாத்துகீறேன்!"

கதவைத் திறந்தேன். ஓடினாள். அவள் பின்னால் அத்தனை பெண்களும் ஓடினார்கள். எங்கள் தெருவுக்கு லாரி காலையில் வரும், என் மாமியார் பிடித்துவைப்பார். அதனால் அந்தச் சந்துகளுக்கு எப்போது வருகிறது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. இப்போது ஏறியது. லாரிக்காக எழுந்து போனவர்கள் தாங்களே ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அதைப் பக்கத்தில் நின்றவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். லாரி வரிசையில் சொன்ன கதை ஊருக்கே சொன்ன மாதிரி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆண்கள் சிலர் முழுப் படத்தையும் பார்த்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆம்பளைகள் வீட்டுக்குப் போய் 'பரவாயில்லை' என்று சொன்னால் அதுவே பெரிய விமர்சனம்.

காதர் சார் அறைக்கு ஓடினேன். "பார்த்தேன் சார்!" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, யோசிக்காமல் அடுத்ததையும் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் மதியக் காட்சிய ஒன்றரைக்கே போட்டுடுங்க சார். லாரிக்கு முன்னாடி படம் முடிஞ்சிடும்."

காட்சி நேரத்தை மாற்றுவது கடைக்கு ஷட்டரைத் தூக்குகிற மாதிரி இல்லை. மதியக் காட்சி முன்னால் வந்தால் காலைக் காட்சியும் முன்னால் போக வேண்டும். விநியோகஸ்தரிடம் கேட்க வேண்டும். ஒட்டின போஸ்டர்கள்மேல் புது நேரம் போட்ட துண்டுச் சீட்டு ஒட்ட வேண்டும், மைக் கட்டின ஆட்டோ தெருத் தெருவாகப் போக வேண்டும். நாளை மறுநாள் எடுக்கப்போகிற படத்துக்கு இத்தனை செய்தாயா என்று முதலாளி கேட்டால் அவர்தான் நிற்க வேண்டும்.

"ஆள் வரலன்னா?" என்றார்.

"வருவாங்க சார்."

"அது கேட்டதா, பார்த்ததா?"

"ரெண்டும் இல்ல சார். எனக்குத் தெரியும்."

என்ன தைரியத்தில் அப்படிச் சொன்னேனோ! அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். மறுமுனையில் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. "சரிங்க. நாளைக்கு மேட்னி பார்த்துட்டு நானே உங்களுக்கு போன் பண்றேன். சரியா வரலன்னா என் தப்புதான், வேற யாரும் காரணம் இல்ல" என்று சொல்லி வைத்தார். நான் சொன்ன யோசனை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த மனுஷனுக்காக அன்றைக்கு எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

மைக் ஆட்டோ ஒரு பக்கம் போகட்டும். வேலை முடிந்ததும் நானே லாரி நிற்கிற முக்குக்குப் போனேன். குடத்துக்காரிகள் கொஞ்சம் பேர் இன்னும் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, பார்க்காத படத்துக்கு முடிவு சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, வெட்கமா இல்ல? அவ சேர்றதே இல்லியாம்!" என்றேன்.

"யாரு சொன்னது?" என்று செல்வி இடுப்பில் கை வைத்தாள்.

"நாளைக்கு ஒன்றரைக்கு வந்து நீயே பாரு."

வியாழன் மதியம் என் ஓட்டைக்கு வெளியே கம்பிச் சந்து நிறைந்து, வரிசை டீக்கடை தாண்டிப் போயிற்று. மைக் ஆட்டோவைக் கேட்டு வந்தவர்கள் பாதி என்றால், செல்வியோடு நான் போட்ட சண்டைக்காக வந்தவர்கள் பாதி. முத்திரை குத்திக் குத்திக் கை சிவந்துவிட்டது. எதிர்ப்பக்கம் அந்த டைரக்டர் தம்பி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவேளை முடிந்து நான் பக்கக் கதவுக்குப் போனேன். புழுக்கம் தாங்காமல் கதவை ஒரு சாண் திறந்து கல்லை முட்டுக்கொடுத்திருந்தோம். அன்றைக்கு நான் வெளியே நிற்கவில்லை. உள்ளே, கதவுத் திரைச்சீலையை ஒட்டி நின்றேன். காதர் சாரும் வந்து என் பின்னால் நின்றார்.

திரையில் புருஷன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். விசாரித்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வருகிறான். கூட்டத்தோடு கூட்டமாகப் பெஞ்சில் உட்காருகிறான். அவள் வாளியோடு வருகிறாள், வரிசையாக இலைக்குப் பரிமாறிக்கொண்டே வருகிறாள், அவன் இலைக்கு முன்னால் வந்து நிற்கிறாள்.

அந்த நேரத்தில் ஹார்ன் கேட்டது. தண்ணி லாரி ஹார்ன். நீளமாக ஒன்று. என்றைக்கும் இல்லாத திருநாளாக அன்றைக்குப் பார்த்து முன்னாலேயே வந்து நிற்கிறான் பாவி! திறந்திருந்த கதவு வழியாக, பக்கத்தில் நின்று அடிக்கிற மாதிரி கேட்டது. பெண்கள் பக்கம் அத்தனை தலையும் கதவைப் பார்த்துத் திரும்பியது.

காதர் சாரைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிடலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "திறந்தே இருக்கட்டும். அவங்க தண்ணி" என்றார் மெதுவாக.

இரண்டாவது ஹார்ன். "லாரிடீ" என்று ஒரு குரல் இருட்டில் கேட்டது. கதவை ஒட்டின வரிசையில் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு முட்டுக்கல்லைக் காலால் தள்ளிக் கதவை அகலத் திறந்தேன். வெளிச்சம் உள்ளே விழுந்தது. எழுந்தவர்கள் வெளியே வரவில்லை. நின்றபடியே, கழுத்தை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்கிறவ உக்காருங்கடி, மறைக்குது!" செல்வியின் குரல்.

உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஹார்னுக்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

திரையில் அவள் அவனுக்கும் மற்றவர்களைப் போலவே சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், மோர் ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவள் என்ன சொல்வாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் துடைக்கிற துணியோடு வந்து நின்று சொன்னாள்: "சாப்ட்டாச்சுன்னா எழுந்திருங்க. அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது."

ஒரு விசில். பெண்கள் பக்கத்திலிருந்து! இத்தனை வருஷ சர்வீஸில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்புறம் கை தட்டல், கூச்சல், நாற்காலியைத் தட்டுகிற சத்தம். நானும் கை தட்டினேன். வேலையில் இருக்கும்போது கை தட்டக் கூடாது என்பது விதி. மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

படம் முடிந்து வெளியே வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. அத்தனை தண்ணீரும் அடுத்த தெருவுக்கு. அப்போதுதான் காதர் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அந்த வருஷம் தியேட்டருக்கே தண்ணீரை விலைக்குத்தான் வாங்கினோம். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவரே வைத்திருந்தார். எங்களுக்கு முகம் கழுவக்கூட அளந்துதான் கிடைக்கும்.

"பின்னாடி தொட்டிகிட்ட வரச் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு குடம். வரிசை நீங்க பார்த்துக்குங்க, அது உங்க டிபார்ட்மென்ட்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போன் பண்ணப் போனார்.

சாயங்காலக் காட்சிக்குத் தண்ணீருக்கு எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை. பெண்கள் வீட்டுக்கு ஓடிக் குடத்தோடு வந்தார்கள். வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை. அத்தனை பேரும் படத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா, அவ துணிய எடுத்துகினு வந்த தோரணையப் பார்த்தியா என்று ஒருத்திக்கு ஒருத்தி நடித்துக் காட்டினார்கள். அந்த டைரக்டர் தம்பி டீக்கடையை விட்டு உள்ளே வந்து, யார் என்று சொல்லிக்கொள்ளாமல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காதர் சார் படியில் வந்து நின்று, "நாளைக்கும் மேட்னி ஒன்றரைக்கே, போர்டுல எழுதச் சொல்லிடுங்க" என்றார். பெரிய ஹீரோ படம் பக்கத்துத் தியேட்டருக்குப் போயிற்று. நாங்கள் இந்தப் படத்தை மதியக் காட்சிகளில் வாரக்கணக்கில் ஓட்டினோம், மழை வரும்வரை.

தம்பிகளா, இதுதான் தாம்பரத்தில் நடந்தது. பெண்கள் எழுந்து போனது நிஜம். முடிவு பிடிக்காமல் போனார்கள் என்பது உங்களுக்கு யாரோ சொன்னது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குச் செல்விதான் வரிசையில் கடைசியாக வந்தாள். குடத்தை நிறைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, நேத்து அந்த ஓட்டம் ஓடினே. இன்னிக்கு லாரிக்காரன் மூணு தடவ ஹார்ன் அடிச்சான், அசையலியே நீ?" என்று கேட்டேன்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குத் தெனம்தான் எய்ந்து ஓடிகினு கீறேன்க்கா. எம் புருசனையும் எத்தினி தபா சேத்துகினேன்னு உனக்கே தெரியும். சூட்கேஸோட வந்தவன எதுர்ல வெச்சிகினு அந்தப் பொண்ணு இன்னா பேசப் போவுதுன்னு ஒரு தபா உக்காந்து பாக்கக் கூடாதா?"